மையில் தெரிந்த பூனை

பூனை காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நாலு வரியில் சொல்லிவிடுவேன். பின்வாசல் கதவைத் திறந்து வை. அதற்கு எது பிடிக்குமோ அதை ஒரு தட்டில் வை. அக்கம்பக்கத்தில் மரியாதையாக ஒரு வார்த்தை கேள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. இதற்குப் படிப்பு வேண்டாம், பெரிய புத்தியும் வேண்டாம். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் இந்த நாலில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் பட்டணம் வந்து, மிளகாய் வற்றலும் மல்லியும் மஞ்சளும் மொத்தமாக விற்றுப் பெரிய ஆளானவர். தண்டையார்பேட்டையில் கிடங்கு, ராயபுரத்தில் மாடி வீடு. அதே தெருவில் அவருக்குச் சொந்தமாக ஏழெட்டு ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் குடியிருந்தார்கள். அதனால் தெருவே தன்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு. காலையில் வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்ப்பார். தெரு அதனால் ஒன்றும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சைவம். சுற்றிலும் எல்லா வீட்டிலும் மத்தியானம் மீன் குழம்பு கொதிக்கும். கடற்காற்று அடித்தால் கருவாட்டு வாடை மாடி வரைக்கும் வரும். என் மாமியார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, ஏதோ அந்த வாடையைத் தனக்கென்றே யாரோ அனுப்பி வைத்தது போல முகத்தைச் சுளிப்பார். கடலோரத்தில் வீடு கட்டியது யார் குற்றம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்த ஒருவர் ஏதோ கப்பலிலிருந்து வாங்கி மாமனாருக்குப் பரிசாகக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று புசுபுசுவென்ற பூனை. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். அது வந்த மாதம் கிடங்குச் சரக்கு நல்லபடியாகப் போனது என்பதால் அது வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று மாமியார் தீர்மானித்துவிட்டார். அதற்கு ஒரு தெய்வத்தின் பெயரையும் வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. தெய்வம் என்ன பாவம் செய்தது.

ஜனங்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் பூனைக்கு வெள்ளிக் கிண்ணத்தில் தயிர்சாதம். வெங்காயம் படாத தயிர்சாதம். மாமியார் சஷ்டி விரதம் இருக்கும் நாளில் பூனைக்கும் விரதம், அரை டம்ளர் பாலும் ஒரு துண்டு வாழைப்பழமும் மட்டும். பழத்தை அது மோந்துகூடப் பார்க்காது. "எவ்வளவு பக்தி பாருங்க, பழத்தக்கூடத் தொடலை" என்பார் மாமியார். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் பூனையைத் தூக்கிக் காட்டி, "எங்க பூன சுத்த சைவம்" என்பார். அவர்கள் கண்ணை அகல விரித்துத் தலையாட்டுவார்கள். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. அது எலி பிடிக்குமா என்று வெகுளியாகக் கேட்ட ஒரு சித்தப்பாவை அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் அழைக்கவே இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம். அந்த வீட்டில் எனக்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுத்ததைத் தின்ன வேண்டும், வந்தவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். என் புருஷன் நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடும் மனிதரை நல்லவர் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்.

பூனைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. பின்கட்டில் கிணற்றடியில் நான் துணி துவைக்கும்போது அது வந்து மதில்மேல் உட்காரும். பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்துக் கரித்தூள் காற்றில் வந்து கொடியில் காயும் வேட்டிகள்மேலும் அதன் முதுகின்மேலும் படியும். அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அதற்குத் தெம்பில்லை. முதுகெலும்பு தெரிந்தது. மாமியாரிடம் சொன்னேன். தயிரில் இன்னும் கொஞ்சம் ஏடு சேர்க்கச் சொன்னார்.

மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து. தினமும் காலை பத்து மணி வாக்கில் அந்தச் சந்து வழியாக ஒரு மீன்காரம்மா வருவாள். காசிமேட்டிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் குடித்தனக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் மீன் போடுவாள். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் கறுத்துப்போன கயிற்றில் ஓர் உத்தரியம், வேதக்காரர்கள் போட்டுக்கொள்ளும் மாதா படம் தைத்த துணித்துண்டு. சந்தின் முனையில் அவள் குரல் கொடுத்தால் கடைசி வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். மாதா கோயில் பாட்டுக் கூட்டத்திலும் அவள் குரல்தான் முன்னால் நிற்கும் என்று குடித்தனக்காரப் பெண்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் அவள் மதிலுக்குக் கீழே நின்று பூனையை அண்ணாந்து பார்த்தாள். "இன்னா சின்னம்மா, பூனைக்கு சீக்கா?" என்று கேட்டாள். இல்லை, சைவம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி, ஒரு கவளை மீனின் தலையைக் கிள்ளி மதில்மேல் போட்டாள். அரை நிமிஷத்தில் எங்கள் பூனையின் சைவம் முடிந்தது. அது உறுமிக்கொண்டே தின்றது. அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மாமியார் பூஜைக்கு உட்கார்ந்து மணி அடிக்கும் நேரம் பார்த்து நான் பின்கதவின் தாழ்ப்பாளை எடுப்பேன். மீன்காரம்மா தலையோ குடலோ ஒரு துணுக்குப் போட்டுவிட்டுப் போவாள். ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாள். நான்தான் மனசு கேட்காமல் உக்கிராண அறையிலிருந்து ஒரு பிடி மிளகாய் வற்றல் அள்ளி அவள் மடியில் போட ஆரம்பித்தேன். வீட்டில் தெரியக் கூடாது என்று சொன்னேன். "நானு இன்னாத்துக்கு சொல்லப் போறேன்" என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. வார்த்தை என்றால் வார்த்தைதான் என்று வாழ்ந்த ஒரே ஆளை நான் அந்தத் தெருவில் பார்த்தேன் என்றால் அது அவள்தான்.

இரண்டு மாதத்தில் பூனை தேறிவிட்டது. முடி பளபளத்தது. மாமியார் அதைத் தடவிக்கொண்டே, எல்லாம் ஏட்டுத் தயிரின் மகிமை என்றார். மாமனார் அந்தத் தயிர்க்காரனையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேச அந்த இரண்டு பேரால்தான் முடியும்.

பிறகு ஒரு நாள் மீன்காரம்மா, மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது, நாலைந்து நாள் வரமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பத்து மணிக்குப் பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. சந்தைப் பார்த்துக் கத்தியது. அதற்கு மறுநாளும் அப்படியே. வெள்ளிக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதில் வெறுமையாக இருந்தது. மீன் வருவது நின்றதும் மீன் இருக்கும் இடத்தைத் தேடி அது போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள மையும் மந்திரமும் தேவையில்லை, ஒரு தடவையாவது பூனையை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும்.

எங்கள் வீட்டார் தேடிய அழகைச் சொல்ல வேண்டும். மாமனார் வாசலில் நின்று, கிடங்கில் கூலி ஆளைக் கூப்பிடுவது போல இரண்டு தரம் கையைத் தட்டினார். வரவில்லை. என் புருஷன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்று வந்து சொன்னார். மாமியார் வெள்ளிக் கிண்ணத்தில் தயிர்சாதத்தைப் போட்டு நடு முற்றத்தில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு விளக்கும் ஏற்றி வைத்தார். எறும்புகள் வந்தன. ஜாதகம் பார்க்கலாம் என்றார்கள். பூனை பிறந்த நேரம் யாருக்கும் தெரியாததால் அது மட்டும் நின்றது.

நான் மெதுவாக, கடற்கரைப் பக்கம், காசிமேட்டுப் பக்கம் யாரையாவது அனுப்பிப் பார்க்கலாமா அத்தை என்றேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "ஏளா, உனக்குக் கிறுக்கா? நம்ம பூன மீன் வாடைய மோந்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிடும். அது அங்க எதுக்குப் போகுது? யாரோ எடுத்துட்டுல்லா போயிருக்கா" என்றார். அந்த வீட்டில் பூனை ஓடிப் போகவே முடியாது. வெள்ளிக் கிண்ணத்தை விட்டுவிட்டு எவளாவது, எதுவாவது தானாகப் போகுமா? அதனால் அது திருட்டுத்தான். திருட்டு என்றால் திருடி வேண்டும். திருடியைக் கண்டுபிடிக்க, மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரைத் திருவொற்றியூரிலிருந்து அழைத்து வந்தார்கள்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தார். நெற்றி நிறைய விபூதி, அக்குளில் ஒரு மஞ்சள் பை. வந்ததும் முதலில் காபி கேட்டார். காபி குடித்துக்கொண்டே, வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள், பின்பக்கம் வழி உண்டா என்று சாவகாசமாக விசாரித்தார். மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். பின்சந்தில் தினமும் கத்திக்கொண்டு போகும் மீன்காரி சத்தத்தையே நாலு நாளாகக் காணோம் என்றும் சொன்னார். மைக்காரர் தலையாட்டிக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு மை எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சந்தேகத்தைச் சும்மா சந்தேகமாகச் சொன்னால் மரியாதை இல்லை. அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து, விளக்கு ஏற்ற வேண்டும்.

மையைப் பார்க்கத் தலைச்சனாகப் பிறந்த ஒருவர் வேண்டும் என்றார் அவர். மாமனார் மூன்றாவது பிள்ளை. மாமியார் கடைசி. என் புருஷனுக்கு முன்னால் பிறந்தது ஒன்று தங்காமல் போயிருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அம்மாவுக்கு நான்தான் முதல் பிள்ளை.

என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஒரு வெற்றிலையில் கறுப்பாக எதையோ தடவி, விளக்குக்கு எதிரே என் கையில் கொடுத்து, கண் இமைக்காமல் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். விளக்கெண்ணெய் வாடை அடித்தது. அந்தப் பளபளப்பில் விளக்குச் சுடர் தெரிந்தது, என் மூக்கு கோணலாகத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"நல்லா பாரும்மா. நெயல் மாரி ஒண்ணு வருதா?" என்றார். வரவில்லை என்றேன். "வரும். பொம்பள நெயலு. கதவாண்ட நிக்கிறா பாரு" என்றார்.

அந்த மையை நம்பாதவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதிக்கொள்ள ஆசைதான். அன்று நம்பினேன். கதவோரம் நிற்கும் பெண் என்றதும் அது நான்தான் என்று நினைத்துவிட்டேன். கதவைத் திறந்தவள் நான் அல்லவா? இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் கறுப்பில் என் முகமே தெரியப் போகிறது, தாழ்ப்பாளை எடுப்பதும் மிளகாயை அள்ளுவதும் தெரியப் போகிறது, பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாரும் பார்த்துவிடுவார் என்று பயந்தேன். அதற்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் புத்தியில் இருந்தது.

"தலைமேல இன்னாவோ கீதா? கூட மாரி?" என்று கேட்டார் மைக்காரர்.

ஆமாம் என்றேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்றார். ஆமாம் என்றேன். கையில் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்றார். அதற்கும் ஆமாம். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு அப்பவே தெரியும் என்றார். அவருக்கு எப்போதும் அப்பவே தெரியும். மைக்காரர் வெற்றிலையை என் கையிலிருந்து வாங்கிக் கசக்கிப் பைக்குள் போட்டார்.

இரண்டு நாள் கழித்து மீன்காரம்மா வந்தாள். மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று சந்தின் முனையிலேயே யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. மாமனார் ஆள் அனுப்பி அவளைத் தெரு முனை அம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். குடித்தனக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பெண்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் மாமியாருக்குப் பின்னால் நின்றேன்.

மாமனார் ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்து, பூனையை எடுக்கவில்லை என்றால் இதை அடித்து அணைத்துச் சத்தியம் செய் என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அதுதான் கோர்ட்டும் ஜட்ஜும். உண்மையைச் சொல்கிறவள் பயப்படாமல் உள்ளங்கையால் அடித்து அணைப்பாள், பொய்க்காரி கை நடுங்கும். மாதாவைக் கும்பிடும் வேதக்காரி ஒருத்தியை அம்மன் முன்னால் கற்பூரம் அடிக்கச் சொல்வது என்ன நியாயம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் மாமனாரின் வீட்டில் குடியிருந்தார்கள்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினாள். "பூனைய எடுத்துக்கினு போயி நானு இன்னா பண்ணப் போறேன் மொதலாளி? கற்பூரம் நானு அடிக்க மாட்டேன், எங்களுக்கு அது ஆவாது. எங்க கோயிலாண்ட வாங்க. மாதா முன்னால மெழுகுவத்தி கொளுத்தி வச்சி, என் பேத்தி மேல சத்தியமா சொல்றேன்" என்றாள்.

நாலு நாள் வயசான பேத்தி. அதைவிடப் பெரிய சத்தியம் அவளிடம் என்ன இருக்கிறது? மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. கற்பூரம் அணையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், தொட மாட்டேன் என்கிறாள் என்றார். மாமியார் அதோடு விடவில்லை. "பொய் சொல்லுததுக்கு நாங்க என்ன கிறுக்கா? மையில தெரிஞ்சிருக்கு. எங்க மருமவளே கண்ணால பார்த்தா" என்றார்.

மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ நான் பேசப் போகிறேன், அதற்காகக் காத்திருக்கிறாள் என்பது போலப் பார்த்தாள். அவள் ஏன் அத்தனை நாள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பூனை எங்கே போயிருக்கும் என்றும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். நல்ல அகலமான முதுகு.

அன்றிலிருந்து தெருவில் அவளிடம் யாரும் மீன் வாங்கக் கூடாது என்று மாமனார் குடித்தனக்காரர்களிடம் சொல்லிவிட்டார். தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டில் மீனே நுழையாத மனிதர் மீன் யாரிடம் வாங்குவது என்று தீர்ப்பு சொன்னார், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். வேறொருத்தி வர ஆரம்பித்தாள். அவள் கொண்டுவரும் மீன் நாறிப்போனது என்று குடித்தனக்காரப் பெண்கள் குழாயடியில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். பூனைத் திருடி என்ற பெயர் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் பாட்டுக் கூட்டத்துக்கும் வரவில்லை என்று சொல்லக் கேட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில், பின்சந்து வழியாக அல்ல, முன்தெரு வழியாக, எல்லோரும் பார்க்கும்படி அவள் வந்தாள். தலையில் கூடை இல்லை. இரண்டு கையிலும் எங்கள் பூனையைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தாள். கையெல்லாம் கீறல். பூனை உருண்டு திரண்டு, ஒரு சின்னத் தலையணை அளவுக்கு இருந்தது.

வாசலில் நின்று, மாமனார் வெளியே வரும்வரை காத்திருந்தாள். "மொதலாளி, இந்தாங்க உங்க பூன. காசிமேட்டுல கருவாடு காயப் போடுற எடத்துல சுத்திக்கினு இருந்துச்சி. அன்னாண்ட போயி யார வேண்ணா கேளுங்க, பதினஞ்சி நாளா அங்கதான் கீதுன்னு சொல்வாங்கோ. எனக்கு ஒண்ணும் குடுக்க வாணாம். நானு எடுக்கலன்னு ஒரு வார்த்த, இங்க, அல்லாரும் கேக்க சொல்லிடுங்க" என்றாள்.

தொலைந்த பூனையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் மனிதர்கள் நன்றி சொல்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். எங்கள் வீட்டாரை அவளுக்குச் சரியாகத் தெரியாது. மாமியார் ஓடி வந்து பார்த்துவிட்டு, தெருவே கேட்கும்படி, "மை சும்மா விடுமா? பயந்துட்டால்லா, அதான் கொண்டாந்துட்டா" என்றார். அவ்வளவுதான். அவள் திருடினாள் என்பதற்கு அதுவரைக்கும் ஒரு வெற்றிலைதான் சாட்சி. இப்போது பூனையே சாட்சியாகிவிட்டது. கொண்டுவராமல் இருந்திருந்தால் சந்தேகம், கொண்டுவந்ததால் நிச்சயம். கருவாட்டுக் களத்தில் போய் விசாரிக்க ஒருவரும் கிளம்பவில்லை. அந்த நாற்றத்தில் யார் போவது?

மாமனார் பெருந்தன்மை காட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டதால் போலீசுக்குப் போக மாட்டேன், போ என்றார். மாமியாருக்குப் பூனையின் உடம்பைப் பார்த்துத்தான் கண்ணீர் வந்தது. இப்படி ஊதிப் போயிருக்கிறதே, எல்லாம் ஏக்கத்தில் வந்த வீக்கம், தயிர்சாதத்தை நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறது என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனமான பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வரும்படி ஒன்றைக் கேட்டதில்லை.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். மைக்காரருக்குக் கரை வேட்டியும் பழத்தட்டும் போயின. அவருடைய கீர்த்தி எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் திருநெல்வேலி வரைக்கும் பரவி, காணாமல் போன சங்கிலி, ஓடிப் போன மருமகன் எல்லாவற்றுக்கும் அவரையே தேடி வந்தார்கள். பூனை எட்டாம் நாள் மறுபடியும் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் தேடவில்லை. மீன்காரி கை பட்டதில் அது கெட்டுப்போய்விட்டது, போகட்டும் என்றார் மாமியார். சாகும் வரைக்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சைவப் பூனையின் கதையை அவர் சொன்னார். மையில் திருடியைப் பார்த்த மருமகள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் மோர் டம்ளர்களோடு வந்து நிற்பேன். மீன்காரம்மா அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் அவளை மறுபடி பார்க்கவில்லை, தேடிப் போகவும் இல்லை.

ஆனால் அன்று வாசலில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கடைசிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம், எழுதக் கூச்சமாக இருந்ததுதான்.

மாமனார் போ என்று சொன்ன பிறகும் பூனை அவள் கையில்தான் இருந்தது. அதை வாங்க யாரும் முன்னால் வரவில்லை. மீன் பட்ட உடம்பு. மாமியார் என்னிடம், நீ போய் வாங்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டு என்றார். நான் படி இறங்கிப் போனேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினேன். பூனை என்னிடம் வர மாட்டேன் என்று அவள் தோளில் நகத்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டது. அதை ஒவ்வொரு நகமாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அதற்காக அவள் என் பக்கமாகக் குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சின்னம்மா, நீ ஒண்ணும் சொல்லிடாத. சொன்னா உன்ன வூட்ட வுட்டு அனுப்பிடுவாங்கோ. எனக்கு வேற தெரு கீது. உனக்கு இந்த வூடுதான கீது."

நான் உண்மையைச் சொல்லத்தான் படி இறங்கி வருகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். என்னைத் தடுத்துக் காப்பாற்றப் பார்த்தாள். சொல்லும் எண்ணம் எனக்கு அப்போது துளிகூட இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, பூனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.